ஆலிஸ் கீ-பிளாஷே படங்களைத் திரையிட நினைப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரைப்படச் சங்கங்களும் கல்லூரி ஊடகத் துறைகளும் ஆலிஸ் கீ-பிளாஷே நினைவாக ஒரு மாலை நடத்தத் திட்டமிடும்போது வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். அவரைப் பற்றி ஏற்கெனவே தெரிந்தவர்கள் நேராக 7ஆம் கேள்விக்குப் போகலாம்.

1. யாருங்க இவங்க? முதல்ல அதைச் சொல்லுங்க.

பிரான்ஸ் நாட்டுத் திரைப்பட இயக்குநர். 1873 ஜூலை 1 அன்று பாரிஸை ஒட்டிய சேன்-மான்டேயில் பிறந்தவர். அப்பா சிலி நாட்டில் புத்தக வியாபாரம் செய்தவர். அவர் இறந்து குடும்பம் நொடித்தபின் ஆலிஸ் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, 1894இல் புகைப்படக் கருவிகள் விற்கும் நிறுவனம் ஒன்றில் லியோன் கோமோனின் செயலாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் கோமோன் கைக்கு வந்தது. 1895 மார்ச் 22 அன்று லூமியேர் சகோதரர்கள் படமெடுத்துத் திரையில் காட்டும் தங்கள் கருவியைப் பாரிஸில் முதன்முதலாகக் காட்டியபோது முதலாளியுடன் அங்கே இருந்தார். தொழிற்சாலை வாசலையும் தெருவையும் மட்டும் காட்டிக்கொண்டிருப்பானேன், கதையை நடிக்க வைத்துப் படமெடுக்கலாமே என்று கோமோனிடம் அனுமதி கேட்டார். அலுவலக வேலை கெடக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

அதன்பின் சுமார் பத்தாண்டுகள் கோமோன் நிறுவனத்தின் படத்தயாரிப்பு முழுவதும் அவர் பொறுப்பில் நடந்தது. 1907இல் ஹெர்பர்ட் பிளாஷேயைத் திருமணம் செய்து அமெரிக்கா போனார். 1910இல் சோலாக்ஸ் என்ற சொந்த நிறுவனத்தை நியூயார்க்கின் ஃபிளஷிங் பகுதியில் தொடங்கி, 1912இல் நியூஜெர்சியின் ஃபோர்ட் லீ ஊரில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டு ஸ்டுடியோ கட்டினார். நடிகர்கள் கண்ணில் படும்படி 'இயல்பாக இருங்கள்' என்று அங்கே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார். கடைசிப் படம் 1920இல் வெளிவந்தது. 1922இல் விவாகரத்து, ஸ்டுடியோ ஏலம் போனது, பிள்ளைகளுடன் பிரான்ஸ் திரும்பினார். 1968 மார்ச் 24 அன்று நியூஜெர்சியில், 94 வயதில் காலமானார்.

2. 'கய்'யா, 'கை'யா, 'கீ'யா? போஸ்டர்ல எப்படிப் போடறது?

பிரெஞ்சு உச்சரிப்பு கீ. கணவர் பெயர் பிளாஷே. 1907க்கு முந்தைய படங்களுக்கு 'ஆலிஸ் கீ' என்றும், அமெரிக்கப் படங்களுக்கு 'ஆலிஸ் கீ-பிளாஷே' என்றும் போடுங்கள். அக்கால அமெரிக்கப் பத்திரிகைகளில் 'மேடம் பிளாஷே' என்றே வருவார். பழைய விளம்பரத்தைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்துவிட வேண்டாம்.

3. "உலகின் முதல் பெண் இயக்குநர், முதல் கதைப்படம் எடுத்தவர்"னு போட்டுடலாமா?

முதல் பாதியைத் தாராளமாகப் போடலாம். அவருக்கு முன் படம் இயக்கிய பெண் யாரும் பதிவில் இல்லை. இரண்டாவது பாதியைத் தவிர்ப்பது நல்லது. லூமியேர் சகோதரர்களின் 1895ஆம் ஆண்டுத் திரையிடல்களிலேயே, தோட்டக்காரர் முகத்தில் தண்ணீர் பீய்ச்சும் அந்தக் குறும்புக் காட்சி இருந்தது. அதுவும் திட்டமிட்டு நடித்ததுதான். 'கதைப்படத்தை முதலில் எடுத்தவர்களுள் ஒருவர்' என்று போட்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

இதில் இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. மிகைப்படுத்திய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, மறுக்கவே முடியாத மற்றதையும் சந்தேகிப்பவர்கள் கூட்டத்தில் ஒருவராவது இருப்பார். ஒரு ஸ்டுடியோவைத் தாமே நிறுவி, தாமே எழுதி, இயக்கி, வாரந்தோறும் படம் வெளியிட்டுக்கொண்டிருந்த பெண் என்பதற்கு எந்த ஜோடனையும் தேவையில்லை.

4. யூடியூப்ல 'முட்டைக்கோஸ் தேவதை'னு ஒரு நிமிஷப் படம் இருக்கே, அதுதானே 1896ல எடுத்த முதல் படம்?

பெரும்பாலும் இல்லை. இங்கேதான் அநேகர் தடுமாறுகிறார்கள். முட்டைக்கோஸ்களுக்கிடையிலிருந்து தேவதை குழந்தைகளை எடுக்கும் அந்த ஒரே கருவை வைத்து அவர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை எடுத்திருக்கிறார். 1896இல் எடுத்ததாக அவர் சொன்ன படம், அப்போது கோமோன் விற்றுவந்த 60 மி.மீ. அகலப் படச்சுருளில் எடுக்கப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், அது கிடைக்கவில்லை. இன்று இணையத்தில் சுற்றுவது 35 மி.மீ. படம். கோமோன் பட்டியலில் அதன் இடத்தை வைத்து 1900 என்று கணிக்கிறார்கள்.

மூன்றாவது ஒன்றும் உண்டு: 1902இல் எடுத்த 'முதல்தர மருத்துவச்சி'. அது சுமார் 4 நிமிடம். ஒரு தம்பதி வந்து குழந்தையைப் பொறுக்கி வாங்கிப் போவார்கள். கணவன் வேடத்தில் ஆலிஸே நடித்திருக்கிறார். ஆண் உடையில் அவர் நிற்கும் புகைப்படம் இந்தப் படத்தோடு சேர்ந்தது. அதற்குக் கீழே '1896' என்று எழுதி எங்கும் ஒட்டுகிறார்கள். துண்டுப்பிரசுரத்தில் அந்தப் புகைப்படத்தைப் பயன்படுத்தினால் 1902 என்று திருத்திப் போடுங்கள்.

5. ஆயிரம் படம் எடுத்தாங்கனு எழுதியிருக்காங்க. நம்பலாமா?

நம்பலாம், இரண்டு விளக்கங்களோடு. ஒன்று, ஆரம்பகாலப் படம் என்றால் ஒரு நிமிடம், சில சமயம் அதற்கும் குறைவு. இரண்டாவது, இந்த எண்ணிக்கையில் அவர் இயக்கியது, எழுதியது, தயாரித்தது, மேற்பார்த்தது எல்லாம் அடக்கம். இன்று எஞ்சியிருப்பவை சுமார் 150.

6. இவ்வளவு செஞ்சவங்களை எப்படி மறந்தாங்க?

ஒரே காரணம் இல்லை. அக்காலப் படங்களில் பெயர்ப்பலகையே கிடையாது. நிறுவனத்தின் முத்திரை இருக்கும், இயக்குநர் பெயர் இருக்காது. அன்றைய நைட்ரேட் படச்சுருள்கள் எளிதில் தீப்பிடிக்கும், பொடியும்; உள்ளே இருக்கும் வெள்ளிக்காக உருக்கப்பட்டதும் உண்டு. கோமோன் நிறுவனம் 1930இல் தன் வரலாற்றை எழுதியபோது 1907க்கு முந்தைய தயாரிப்பை விட்டுவிட்டது. ஆலிஸ் முறையிட்டார், லியோன் கோமோனும் திருத்துவதாக ஒப்புக்கொண்டார், அச்சில் வருவதற்குள் 1946இல் இறந்துபோனார்.

பிறகு வரலாறு எழுதியவர்கள் அவருடைய படங்களை உதவியாளர்கள் பெயரில் ஏற்றினார்கள். 25 காட்சிகளும் ஏறக்குறைய 300 துணை நடிகர்களும் கொண்ட 1906ஆம் ஆண்டு 'கிறிஸ்துவின் வாழ்க்கை' அன்றைக்குப் பிரம்மாண்டம். அதுவே அவருடைய உதவியாளர் விக்டோரன் ஜாசே கணக்கில் போனது. ஆலிஸ் தாமே உட்கார்ந்து தம் படங்களின் பட்டியலைத் தயாரித்தார், பிரதிகளைத் தேடி அலைந்தார். அவர் உயிரோடிருந்தவரை அநேகமாக ஒன்றும் கையில் கிடைக்கவில்லை. தன்வரலாறும் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் பிரெஞ்சில் வெளியானது.

7. ஒன்றரை மணி நேரம்தான் ஹால் கிடைச்சிருக்கு. எந்தெந்தப் படம் போடலாம்?

படத்துக்கு 55 நிமிடம், அறிமுகத்துக்கு 10, பேச்சுக்கு 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக் காலத்திலிருந்து 'முட்டைக்கோஸ் தேவதை' (1 நிமிடம்), 'முதல்தர மருத்துவச்சி' (4), 'அம்மாவுக்கு ஆசை' (4), 'பெண்ணுரிமையின் விளைவுகள்' (7). சோலாக்ஸ் காலத்திலிருந்து 'உதிரும் இலைகள்' (12), 'பிளவுபட்ட வீடு' (13), 'திருமணத்தின் வேக வரம்பு' (14). நேரம் பதிப்புக்குப் பதிப்பு ஒன்றிரண்டு நிமிடம் மாறும்.

1906இல் வந்த 'அம்மாவுக்கு ஆசை'யைக் கட்டாயம் சேருங்கள். மசக்கையில் இருக்கும் பெண் குழந்தையின் மிட்டாயைப் பிடுங்குகிறாள், அடுத்தவர் மதுவைக் குடிக்கிறாள், பிச்சைக்காரரின் மீனைத் தின்கிறாள். ஒவ்வொரு முறையும் கேமரா அவள் முகத்துக்கு அருகே போய், அவள் சுவைப்பதை மட்டும் காட்டுகிறது. தூரத்தில் நிறுத்தி நாடகம் போல எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், கதைக்காக முகத்தை நெருங்கியது எவ்வளவு துணிச்சல் என்பதை எந்தச் சொற்பொழிவையும்விட இந்த 4 நிமிடம் நன்றாகச் சொல்லும். 1912இன் 'உதிரும் இலைகள்' வேறு ரகம். கடைசி இலை உதிர்வதற்குள் அக்கா இறந்துவிடுவாள் என்று மருத்துவர் சொல்லக் கேட்ட சிறுமி, இரவில் தோட்டத்துக்குப் போய் உதிர்ந்த இலைகளை நூலால் மரத்தில் கட்டுகிறாள்.

'கிறிஸ்துவின் வாழ்க்கை' 33 நிமிடம். அதைப் போட்டால் வேறு மூன்று படங்கள் போய்விடும். தனி நாளுக்கு வையுங்கள்.

8. படத்துல எல்லாரும் ஓட்டமும் நடையுமா பறக்கறாங்களே, அப்ப அப்படித்தானா?

இல்லை. கையால் சுழற்றிய கேமராவில் விநாடிக்கு ஏறக்குறைய 16 முதல் 18 சட்டகம் (தனித்தனி அசையாப் படம்) பதிவானது. அதை 24 சட்டகத்தில் ஓட்டினால் வேகம் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ கூடிவிடும். கணக்கு எளிது: 1,000 அடிச் சுருளில் 16,000 சட்டகம். 16இல் ஓட்டினால் 16 நிமிடம் 40 விநாடி. 24இல் ஓட்டினால் 11 நிமிடம் 7 விநாடி. பார்வையாளர்கள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு நகைச்சுவைக்குக் கிடைத்தது என்று நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

உங்கள் கோப்பு ஏற்கெனவே திருத்தப்பட்டதா என்று பார்க்க, மனிதர்களைப் பார்க்காதீர்கள். நடிகர்கள் வேண்டுமென்றே வேகமாக நடிப்பார்கள். புகை, தொங்கும் துணி, கீழே விழும் பொருள் இவற்றைக் கவனியுங்கள். திருத்தாத கோப்பு என்றால் வி.எல்.சி. என்ற கணினிப் படஇயக்கியில் வேகத்தை 0.75 (18 சட்டகம்) அல்லது 0.67 (16) என்று வைத்து ஒலியை அணைத்துவிடலாம். திரையரங்குக்குக் கொடுப்பதானால் கோப்பையே மாற்றுங்கள்: 18 சட்டகப் படத்தில் மூன்றுக்கு ஒன்றை இரட்டித்தால் 24 ஆகும், 16 என்றால் இரண்டுக்கு ஒன்று. 16, 18 சட்டக வேகத்துக்கும் டிஜிட்டல் தரம் உண்டுதான். ஆனால் பல அரங்குகளின் கருவி அதை ஏற்காமல் நிகழ்ச்சி அன்று மாலை கைவிரிக்கும். 24இலேயே கொடுங்கள்.

9. புரொஜக்டர்ல போட்டா தலை வெட்டுப்படுது, இல்லைனா எல்லாரும் குண்டாத் தெரியறாங்க.

படம் 4க்கு 3 அளவு. இன்றைய திரை அகலம். 1920×1080 திரையில் நடுவே 1440×1080 மட்டும் படம். இரு பக்கமும் 240 புள்ளி (பிக்சல்) கறுப்பு இருக்க வேண்டும். திரையரங்கு டிஜிட்டல் கோப்பின் 1998×1080 அளவில் பக்கத்துக்கு 279. புரொஜக்டரில் 'முழுத்திரை', 'இழுத்து நிரப்பு' போன்ற அமைப்பு ஓடிக்கொண்டிருந்தால்தான் நீங்கள் சொல்வது நடக்கும். அதை 'மூல அளவு' என்று மாற்றுங்கள். சில இணையக் கோப்புகளில் இந்த வெட்டு கோப்பிலேயே ஏறியிருக்கும். அதற்கு மருந்து இல்லை. வேறு பிரதி தேடுங்கள்.

10. ஊமைப்படத்துக்குப் பின்னணி இசை என்ன போடறது? இளையராஜா பாட்டு ஒண்ணு போட்டுடலாமா?

வேண்டாம். தெரிந்த பாட்டு வந்தால் கூட்டம் படத்தை விட்டுப் பாட்டுக்குப் போய்விடும். உரிமைச் சிக்கலும் உண்டு. முடிந்தால் ஒரு கீபோர்டு அல்லது வயலின் கலைஞரை நேரில் வாசிக்கச் சொல்லுங்கள். ஒருவர் போதும். அவர் படத்தைக் குறைந்தது இரண்டு முறை, நீங்கள் திரையிடப்போகும் அதே வேகத்தில் பார்த்திருக்க வேண்டும். திரைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, விளக்கு திரையில் விழாதபடி சின்னதாக ஒன்று வைத்தால் போதும். ஒவ்வொரு விழுதலுக்கும் தட்டுதலுக்கும் ஒலி கொடுக்கத் துடிப்பவரை அன்போடு தடுத்து, காட்சியின் மனநிலைக்கு மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள்.

குறுந்தட்டில் வரும் இசையோடு போடுவதானால் வேகத்தில் கை வைக்காதீர்கள். அந்த இசை அந்தக் கோப்பின் வேகத்துக்கு அமைத்தது. 8ஆம் பதிலில் சொன்னபடி குறைத்தால் சுருதியோ தாளமோ கெடும்.

11. இங்கிலீஷ் எழுத்துப் பலகை வருது. தமிழ்ல எப்படி?

காட்சிகளுக்கு நடுவே வசனமும் விளக்கமும் காட்டும் இந்தப் பலகை, 1906 வரையிலான பிரெஞ்சுக் குறும்படங்களில் அநேகமாக இருக்காது. சோலாக்ஸ் படங்களுக்குத்தான் தேவை. பலகை வெள்ளை எழுத்தில் இருப்பதால் அதன் மேலேயே தமிழ் வசனவரி விழுந்தால் இரண்டும் படிக்க முடியாது. பலகைக்குக் கீழே, வரிக்கு 30 எழுத்துக்கு மிகாமல் இரண்டு வரி வையுங்கள். தனிக் கோப்பாகக் கொடுத்தால் அரங்கின் கணினியில் தமிழ் எழுத்துரு சரியில்லாமல் கொம்பும் புள்ளியும் பிரிந்து நிற்கும். படத்தோடு பதித்தே கொடுங்கள். இரண்டு முறை வாய்விட்டுப் படிக்கும் நேரம் திரையில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட எளிய வழி, ஒருவர் ஒலிவாங்கியில் படிப்பது. ஊமைப்பட காலத்தில் நம் கொட்டகைகளில் எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அப்படித்தான் படித்துச் சொன்னார்கள். படிப்பவர் விளக்கவுரை ஆற்ற ஆரம்பிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

12. உரிமை யார்கிட்ட வாங்கணும்?

இந்தியாவில் திரைப்படத்துக்கான காப்புரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1920க்குள் முடிந்த இவருடைய படங்களுக்கு அது எப்போதோ காலாவதி. அமெரிக்காவிலும் பொதுவுடைமை. பிரான்ஸில் மட்டும் படைப்பாளி இறந்து 70 ஆண்டு என்பதால் 2038 முடியும்வரை கணக்கு நீள்கிறது.

ஆனால் நீங்கள் போடுவது படத்தை மட்டும் அல்ல, ஒரு பதிப்பை. அதில் சேர்த்த புதிய இசைக்கும் எழுத்துப் பலகைக்கும் தனி உரிமை இருக்கலாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தளத்தில் தரும் பழைய பிரதிகளில் இந்தத் தொல்லை குறைவு. கோமோன் காலப் படங்களின் நல்ல பிரதி வேண்டும் என்றால் கோமோன்-பாதே காப்பகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். டிக்கெட் விற்றுப் பொதுமக்களுக்குக் காட்டுவதானால் தணிக்கைச் சட்டமும் பொருந்தும். படம் பழையது என்பதால் அதிலிருந்து விலக்கு கிடைக்காது.

13. ஊமைப்பட இயக்குநர்னு சொல்றீங்க, பேசும் படமும் எடுத்தாங்கனு படிச்சேனே?

எடுத்தார். கோமோனின் குரோனோஃபோன் என்ற கருவி இசைத்தட்டையும் படத்தையும் இணைத்து ஓட்டியது. 1902 முதல் 1906 வரை நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுப் படங்களை ஆலிஸ் அதற்காக இயக்கினார். முதலில் பாட்டைத் தட்டில் பதிவு செய்வார்கள்; பிறகு தட்டை ஓடவிட்டு, பாடகர் வாயசைத்து நடிக்கப் படம் எடுப்பார்கள். நம் படங்களில் இன்றும் பாட்டு எடுப்பது இப்படித்தான், பாடுபவர் வேறொருவர் என்பதைத் தவிர. அவர் இப்படி ஒரு பாட்டுப் படம் எடுத்துக்கொண்டிருப்பதையே காட்டும் 1905ஆம் ஆண்டுத் துண்டு ஒன்று இருக்கிறது. நடிகர்களை அவர் வரிசைப்படுத்துவது தெரியும். நிகழ்ச்சியை அதில் தொடங்கினால் அறிமுக உரையில் பாதி மிச்சம்.

14. இந்தியாவுல முதல் பெண் இயக்குநர் இவங்களுக்கு முன்னாடியா பின்னாடியா?

பின்னால். பாத்திமா பேகம் 1926இல் 'புல்புல்-இ-பரிஸ்தான்' என்ற ஊமைப்படத்தை இயக்கினார். தமிழில் டி. பி. ராஜலட்சுமி 1936இல் 'மிஸ் கமலா'வை இயக்கினார். அது பேசும் படம். இருவரும் ஆலிஸைப் போலவே சொந்தப் படநிறுவனம் வைத்திருந்தார்கள். ஒப்பிட இதுதான் பொருத்தமான இடம்.

15. எந்தத் தேதி வைக்கலாம்? மத்தவங்க எப்படிக் கௌரவிச்சிருக்காங்க?

பிறந்தநாள் ஜூலை 1, நினைவுநாள் மார்ச் 24. பெண்கள் தினத்தை ஒட்டிப் போட ஆசைப்படுவார்கள். அன்றைக்கு அரங்கம் கிடைப்பதும் அரிது, பேச்சாளர் கிடைப்பதும் அரிது.

பிரான்ஸ் 1950களில் அவருக்குத் தன் உயரிய அரசு விருதான லெஜியோன் தோனரைக் கொடுத்தது. 2003இல் 'திருமணத்தின் வேக வரம்பு' அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. 2011இல் அமெரிக்க இயக்குநர்கள் சங்கம் மறைவுக்குப் பிந்தைய வாழ்நாள் விருது அளித்தது. நியூஜெர்சி மாவாவில் உள்ள அவர் கல்லறையில் வெறும் பெயரும் தேதியும்தான் இருந்தன. 2012இல் ஃபோர்ட் லீ மக்கள் பணம் திரட்டி, சோலாக்ஸ் சின்னம் பொறித்த புதிய கல்லை வைத்தார்கள். 2018 முதல் பாரிஸில் அவர் பெயரில் பெண் இயக்குநர்களுக்குப் பரிசு தருகிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் எழுந்த பத்துப் பெண்களின் பொன்னிறச் சிலைகளில் அவருடையதும் ஒன்று.

16. 'பெண்ணுரிமையின் விளைவுகள்' படத்துல கடைசியில ஆண்களே ஜெயிக்கறாங்க. இது பெண்ணியப் படமா, கிண்டலா?

இரண்டு பக்கமும் வாதிடலாம். விவாதத்துக்கு வைக்க நல்ல படம் அதனால்தான். ஆண்கள் தைக்கிறார்கள், குழந்தை பார்க்கிறார்கள். பெண்கள் கடையில் உட்கார்ந்து குடிக்கிறார்கள், ஆண்களை வம்புக்கு இழுக்கிறார்கள். முடிவில் ஆண்கள் கிளர்ந்து பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள். முடிவை மட்டும் பார்த்தால் கிண்டல். ஆனால் பெண்கள் அன்றாடம் படும் தொல்லை ஆணின் மேல் நடக்கும்போதுதான் அது தொல்லையாகத் தெரிகிறது, அந்த 7 நிமிடம் முழுக்க. எங்களுக்கு இரண்டாவது வாசிப்பே வலுவாகப் படுகிறது. அறிமுகத்தில் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

17. அவங்க படத்துல நிறவெறி இருக்குனு ஒருத்தர் சண்டைக்கு வந்தார். என்ன சொல்றது?

இருக்கிறது என்றே சொல்லுங்கள். 'திருமணத்தின் வேக வரம்பு'வில் நண்பகலுக்குள் மணமுடிக்க வேண்டிய நாயகன் தெருவில் கண்ட பெண்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டே போகிறான். முகத்திரை விலகியவள் கறுப்பினப் பெண் என்று தெரிந்ததும் ஓடுகிறான். அதை ஒரு நகைச்சுவையாகவே வைத்திருக்கிறார்கள். வெட்டிவிட்டுக் காட்டக்கூடாது, முன்கூட்டி ஒரு வரி சொல்லிவிட்டுக் காட்டலாம்.

இதன் மறுபக்கமாக 1912ஆம் ஆண்டின் 'முட்டாளும் அவன் பணமும்' உண்டு. நடிகர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். அப்படி எஞ்சியவற்றில் மிகப் பழைய கதைப்படமாக இது கருதப்படுகிறது. வெள்ளை நடிகர்கள் அவர்களோடு நடிக்க மறுத்ததால் முழுக்கக் கறுப்பின நடிகர்களை வைத்தே ஆலிஸ் எடுத்தார். அதிலும் அக்கால ஏளனச் சித்திரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் கூட்டமே பேசிக்கொள்ளும்.

18. சில தளத்துல இயக்குநர்னு இவங்க பேரு, சில தளத்துல வேற பேரு. துண்டுப்பிரசுரத்துல யாரைப் போட?

சோலாக்ஸில் எல்லாப் படத்தையும் அவரே இயக்கவில்லை. 'சுரங்கத் தொழிலாளி ஆல்ஜி' (1912) நல்ல உதாரணம்: எட்வர்ட் வாரன் பெயரிலும் வரும், ஆலிஸ் பெயரிலும் வரும். அப்படிப்பட்டவற்றுக்கு 'தயாரிப்பு, மேற்பார்வை: ஆலிஸ் கீ-பிளாஷே' என்று போட்டு, இயக்கம் என்ற இடத்தில் இரு பெயரையும் தாருங்கள். கோமோன் காலப் படங்களில் காப்பகமே கேள்விக்குறி போட்டிருந்தால் 'ஆலிஸ் கீ எனக் கருதப்படுகிறது' என்று எழுதுங்கள். 6ஆம் பதிலில் பார்த்தபடி அவருக்கு நேர்ந்த அநியாயமே பெயர் மாற்றிப் போட்டதுதான். வாரனுக்கோ ஜாசேவுக்கோ அதையே நாம் செய்ய வேண்டியதில்லை. எந்தப் பிரதி, எந்தக் காப்பகம், எந்த வேகம் என்பதையும் அதே தாளில் ஒரு வரியில் அச்சிடுங்கள். அடுத்து திரையிடுபவருக்கு அது உதவும்.